நாலு நெட்வொர்க் ஸ்விட்சுக்குக் கூட்டுப் பவர்: ஸ்டாக்பவர் இணைப்பைத் திட்டமிடும் முறை

ஒரே ரேக்கில் உள்ள ஸ்விட்சுகளின் பவர் சப்ளைகளை ஒரே கூட்டாக்குவது ஸ்டாக்பவர். அதன் கேபிளை மாட்டியாச்சு, இனி எந்த ஸ்விட்சும் விழாது என்று நம்பியிருந்த ரேக், ஈபியின் முதல் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலேயே மொத்தமாக அணைவது உண்டு. திறந்து பார்த்தால் கேபிள் சரியாகத்தான் இருக்கும். நாலு ஸ்விட்சின் எட்டு பவர் சப்ளையும் (ஒன்றுக்கு இரண்டு) ஒரே ஸ்ட்ரிப்பில், அந்த ஸ்ட்ரிப் ஒரே சாக்கெட்டில் செருகியிருக்கும். ஒரு பவர் சப்ளை கருகினால் மற்றவை தாங்குவதற்குத்தான் ஸ்டாக்பவர். சுவரிலிருந்து வரும் ஒரு லைன் முழுசாகப் போவது வேறு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துக் கணக்குப் போட்டால் மீதி வேலை எளிது.

இங்கே சொல்வது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 வரிசைக்கு. பழைய 3850, 3750-எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான். ஆனால் வாங்கும் முன் மாடல் பெயரில் 9300-க்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். 9300-எல் வரிசையில் ஸ்டாக்பவர் கிடையாது, 9200-இலும் கிடையாது. டேட்டா ஸ்டாக் ஆகும் (பல ஸ்விட்ச் சேர்ந்து ஒரே ஸ்விட்ச் போல ஓடும்), பவர் பகிராது. விலை குறைவு என்று 9300-எல் எடுத்துவிட்டுப் பின்பக்கம் போர்ட்டைத் தேடிப் பயனில்லை.

முதலில் தெரியவேண்டிய எல்லைகள்

டேட்டா ஸ்டாக்கில் எட்டு ஸ்விட்ச் வரை சேரலாம். ஸ்டாக்பவர் வளையத்தில் நாலுதான். பவர் பகிரும் நாலும் ஒரே டேட்டா ஸ்டாக்கில் இருக்கவேண்டும். ஆறு ஸ்விட்ச் இருந்தால் இரண்டு பவர் ஸ்டாக் ஆகப் பிரிக்கவேண்டும். அதை 4+2 என்று பிரிக்காமல் 3+3 என்று பிரியுங்கள். இரண்டு பேர் மட்டும் உள்ள கூட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர் தலையில்தான் முழுப் பாரமும்.

டேட்டா கேபிள் 3 மீட்டர் வரை கிடைக்கும், பவர் கேபிள் 30 சென்டிமீட்டர், 150 சென்டிமீட்டர் என்று இரண்டே நீளத்தில்தான். அதனால் பவர் பகிரும் நாலும் ஒரே ரேக்கில் இருக்கவேண்டும். முதல் மாடி ஒன்று, இரண்டாம் மாடி ஒன்று என்று வைக்கும் திட்டத்தில் ஸ்டாக்பவரை மறந்துவிடுங்கள்.

கேபிளின் ஒரு முனையில் பச்சைப் பட்டை, மறுமுனையில் மஞ்சள் பட்டை. பச்சை முனை ஸ்விட்சில் மட்டுமே போகும். மஞ்சள் முனை ஸ்விட்சிலும் போகும், எக்ஸ்பிஎஸ் 2200 என்ற தனிப் பவர் பெட்டியிலும் போகும். அந்தப் பெட்டி இல்லாத ரேக்கில் எதை எங்கே செருகினாலும் மின்சாரத்துக்குக் கவலையில்லை. ஆனாலும் மஞ்சள் மேலே, பச்சை கீழே என்று ஒரே பழக்கமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து டார்ச் அடித்துக் கேபிளைத் தேடும்போது அருமை தெரியும்.

வாட் கணக்கு

போன், கேமரா போன்றவற்றுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஸ்விட்ச் மின்சாரம் கொடுப்பது பிஓஇ. ஸ்டாக்பவர் பார்ப்பது உண்மையில் ஓடும் வாட்டை மட்டுமல்ல. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒதுக்கிய வாட்டை வைத்துத்தான் பட்ஜெட் போடுகிறது. 3 வாட் தின்னும் போனுக்கு 7 வாட் ஒதுக்கியிருந்தால் பட்ஜெட்டில் 7 போய்விட்டது. ஒதுக்கீடு கருவியின் கிளாஸைப் (மின் தேவை வகையைப்) பொறுத்தது: கிளாஸ் 1-க்கு 4 வாட், கிளாஸ் 2-க்கு 7, கிளாஸ் 3-க்கும் கிளாஸ் 0-க்கும் 15.4, கிளாஸ் 4-க்கு 30. கருவி எல்எல்டிபி (பக்கத்துக் கருவிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) மூலம் எனக்கு இவ்வளவு போதும் என்று பேசினால் ஒதுக்கீடு குறையும். மலிவு விலைக் கேமராக்களில் பல அப்படிப் பேசுவதில்லை.

ஸ்விட்சுக்கே ஒரு பங்கு போகும். 48 போர்ட் பிஓஇ மாடலில் 715 வாட் பவர் சப்ளை ஒன்று போட்டால் பிஓஇக்குக் கிடைப்பது 437 வாட். மீதி 278 ஸ்விட்சின் சொந்தச் செலவுக்கு. 24 போர்ட்டில் 445 கிடைக்கும், சொந்தச் செலவு 270. வளையத்தில் 30 வாட் ரிசர்வ் என்று தனியாக எடுத்துவைக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் விடுதியும் வகுப்புகளும் சேர்ந்த ஒரு கல்லூரிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். நாலு 48 போர்ட் பிஓஇ ஸ்விட்ச். 60 கேமரா, 36 வைஃபை ஆக்ஸஸ் பாயின்ட், 70 ஐபி போன்.

கேமரா 60 × 15.4 = 924
ஆக்ஸஸ் பாயின்ட் 36 × 30 = 1080
போன் 70 × 7 = 490
பிஓஇ மொத்தம் 2494
ஸ்விட்ச் 4 × 278 = 1112
ரிசர்வ் 30
ஆக 3636 வாட்.

எட்டு இடத்திலும் 715 போட்டால் 5720. ரிடண்டன்ட் மோடில் இருப்பதிலேயே பெரிய பவர் சப்ளை ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் பட்ஜெட் போடும்: 5720-இல் 715 போக 5005. தேவை 3636. திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும், ஆயிரத்துக்கு மேல் மிச்சம் வேறு காட்டும். இந்த இடத்தில்தான் பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

சுவரிலிருந்து ஏ, பி என்று இரண்டு தனி லைன் வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரு பவர் சப்ளை ஏ லைனில், மற்றது பி லைனில் இருக்கிறது. பி லைன் போனால் நாலு பவர் சப்ளை ஒரே நேரத்தில் சாகும். மிச்சம் 4 × 715 = 2860. தேவை 3636. துண்டு விழுவது 776 வாட். ரிடண்டன்ட் மோட் ஒதுக்கிவைத்தது ஒரு பவர் சப்ளைக்கு மட்டும். லைன் போவது அதன் கணக்கிலேயே இல்லை.

ஆகவே கணக்கை ஒரு லைனுக்குப் போடுங்கள்: ஏ மட்டும் இருந்தாலும் 3636 வரவேண்டும், பி மட்டும் இருந்தாலும் 3636 வரவேண்டும். ஒரு லைனில் நாலு இடம். இரண்டு 1100, இரண்டு 715 போட்டால் 3630 வரும். ஆறு வாட்டில் கோட்டை விட்டாச்சு! மூன்று 1100, ஒரு 715 போட்டால் 4015, 379 வாட் மிச்சம். ஒரே ஸ்விட்சில் 1100-ம் 715-ம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், தடையில்லை. இரண்டு லைனுக்கும் சேர்த்து ஆறு 1100, இரண்டு 715. அடுத்த வருஷம் கேமரா கூடும் என்று தெரிந்தால் எட்டையும் 1100 ஆகவே வாங்கிவிடுவது நல்லது. 715-ஐ இரண்டாவது தடவை மாற்றுவது வெட்டிச் செலவு.

அவ்வளவு செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஒதுக்கீட்டைக் குறைக்கலாம். ‘ஷோ பவர் இன்லைன்’ கட்டளை போட்டு ஒவ்வொரு போர்ட்டையும் பாருங்கள். கேமராவைப் பகலில் அளந்து முடிவு செய்யாதீர்கள். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிந்து வாட் ஏறும். இரவு எட்டு மணிக்குப் பார்த்த அளவுக்கு மேல் கொஞ்சம் விட்டு, போர்ட்டில் உச்ச வரம்பு வைத்துவிடலாம். 60 கேமராவை 15.4-இலிருந்து 12-க்கு இறக்கினாலே 204 வாட் மிச்சம்.

எந்த மோட்

ஒன்றும் மாற்றாவிட்டால் ஸ்விட்ச் பவர்-ஷேர்டு மோடில், ஸ்ட்ரிக்ட் இல்லாமல் இருக்கும். இருக்கிற எல்லாப் பவரையும் ஒரே குளமாகப் பார்க்கும், எதையும் ஒதுக்கிவைக்காது. ரிடண்டன்ட் மோட் ஒரு பவர் சப்ளையை ஒதுக்கிவைக்கும். இரண்டுக்கும் ஸ்ட்ரிக்ட் உண்டு.

ஸ்ட்ரிக்ட் என்றால், இருப்பது ஒதுக்கீட்டைவிடக் குறைந்த உடனே வெட்டத் தொடங்கும், உண்மையில் ஓடுவது எவ்வளவு என்று பார்க்காது. மேலே சொன்ன எட்டு 715 ரேக்கில் உண்மையில் 1900 வாட்தான் ஓடுகிறது என்று வையுங்கள். பி லைன் போனதும் 2860 இருக்கிறது, ஓட்டத்துக்குத் தாராளம். ஆனால் ஸ்ட்ரிக்ட் மோட் 776 வாட்டுக்குக் கருவிகளை அணைத்துவிடும். ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் ஓட்டம் இருப்பைத் தாண்டாதவரை அப்படியே ஓடவிடும்.

நம்ம ஊரில் பல இடங்களில் ஏ லைன் யுபிஎஸ், பி லைன் நேரடி ஈபியும் ஜெனரேட்டரும் என்று இருக்கும். அங்கே ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பி லைன் சில வினாடி போய் வரும். ஸ்ட்ரிக்ட் வைத்தால் ஆனி, ஆடிக் காற்றில் ஒரு மட்டை லைனில் உரசி மின்தடம் ஆடும்போதெல்லாம் போன்கள் அணைந்து எரியும். அப்படிப்பட்ட இடத்தில் பவர்-ஷேர்டு, ஸ்ட்ரிக்ட் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டு லைனும் தனித்தனி யுபிஎஸ், ஒரு லைனில் முழுத் தேவையும் வருகிறது என்றால் ரிடண்டன்ட் வைக்கலாம்.

ஸ்ட்ரிக்ட் இல்லாமல் ஓடும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒதுக்கீடு இருப்பைத் தாண்டிய நிலையில் ஒரு கேமரா தானாக ரீபூட் ஆனால், அது திரும்பிவந்து பவர் கேட்கும்போது பட்ஜெட் இல்லை என்று மறுக்கப்படும். ஒரே ஒரு கேமரா மட்டும் ஏன் வரவில்லை என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பி லைன் திரும்பியதும் அது தானே வரும்.

யாரை முதலில் அணைப்பது

லோட் ஷெட்டிங் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்விட்சும் அதையேதான் செய்கிறது, வரிசை மட்டும் நாம் சொல்லவேண்டும். எண் 1 முதல் 27 வரை. 27 முதலில் அணையும், 1 கடைசியில். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மூன்று எண் உண்டு: ஸ்விட்சுக்கே ஒன்று, அதன் முக்கியப் போர்ட்டுகளுக்கு ஒன்று, சாதாரணப் போர்ட்டுகளுக்கு ஒன்று. ஒரே எண்ணை இருவருக்குக் கொடுக்கக்கூடாது.

கவனிக்கவேண்டியது, போர்ட்டுக்குத் தனித்தனி எண் இல்லை. மூன்றாம் ஸ்விட்சின் சாதாரணப் போர்ட்டுகள் எல்லாம் ஒரே கூட்டம். அதனால் திட்டம் பேட்ச் கார்டு (போர்ட்டில் செருகும் கேபிள்) மாட்டும்போதே தொடங்கவேண்டும். வாசல் கேமரா, காவலாளி அறைப் போன், விடுதி வார்டன் போன் இவற்றின் போர்ட்டில் ‘பவர் இன்லைன் போர்ட் பிரயாரிட்டி ஹை’ கொடுங்கள். விடுதி வைஃபையை சாதாரணத்திலேயே விடுங்கள். மாணவர்கள் திட்டுவார்கள், ஆனால் வாசல் கேமரா ஓடும். வெளி இணைப்பு ஃபைபர் வந்து விழும் ஸ்விட்சுக்கு எண் 1. மற்ற மூன்றுக்கு 2, 3, 4. முக்கியப் போர்ட்டுகளுக்கு 11 முதல் 14, சாதாரணத்துக்கு 21 முதல் 24 என்று வைத்தால் பார்க்கும்போதே புரியும்.

மாட்டும் வரிசை

ரேக்கில் ஸ்விட்சுகளை ஏற்றும் முன் நூல் பிடித்து அளந்துவிடுங்கள். ரேக்கின் உயர அலகான 1 யு என்பது 4.45 சென்டிமீட்டர். ஸ்விட்சுகளுக்கு நடுவே ஒரு யு கேபிள் மேனேஜர் வைத்தால் முதல் ஸ்விட்சுக்கும் நாலாவதற்கும் 26.7 சென்டிமீட்டர். 30 கேபிள் வளைவுக்கே போதாது. வழக்கமான முறையில் மூன்று 30-ம், மேலிருந்து கீழே திரும்ப ஒரு 150-ம் வேண்டும். அந்த 150 பின்னால் தொங்கி, பவர் சப்ளையை இழுக்கும்போது குறுக்கே நிற்கும். அதற்குப் பதில் 1-2, 2-4, 4-3, 3-1 என்று வளையம் கட்டினால் அதிகபட்சம் 17.8 சென்டிமீட்டர்தான், நாலும் 30-இலேயே முடியும். டேட்டா கேபிளின் வரிசையும் பவர் கேபிளின் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

புது ரேக் என்றால் எல்லாப் பவர் கார்டும் உருவியிருக்கும்போதே டேட்டா கேபிள், பிறகு ஸ்டாக்பவர் கேபிள். முனையை நேராகப் பிடித்து, சாய்க்காமல் உள்ளே தள்ளி, பக்கத்து ஸ்க்ரூ இரண்டையும் கையால் இறுக்குங்கள். ஒரு ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் முனை கோணலாக உட்காரும். இரண்டையும் மாறி மாறிச் சுற்றுங்கள். ஃபேன், பவர் சப்ளை இவற்றைக் கேபிளைத் தொடாமல் வெளியே இழுக்க முடிகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பவர் கார்டுகளுக்கு ஏ லைனில் வெள்ளை டேப், பி லைனில் மஞ்சள் டேப், இரண்டு முனையிலும். நாலு ஸ்விட்சிலும் இடது பவர் சப்ளை ஏ, வலது பி. ஒன்றில் மட்டும் மாறிப்போனாலும் மேலே போட்ட கணக்கு முழுக்கத் தப்பு.

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் ஒரு ஸ்விட்சைக் கழற்றவேண்டும் என்றால் கேபிளை அப்படியே உருவாதீர்கள். ‘ஸ்டாக்-பவர் ஸ்விட்ச் 3’, அதன் கீழ் ‘ஸ்டாண்ட்அலோன்’ கொடுத்து அதைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அதற்கு முன் அதன் சொந்தப் பவர் சப்ளை அதன் போர்ட்டுகளைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் தனியே போன நொடியே பாதிப் போர்ட் அணையும்.

சுவர்ப் பக்கம்

3636 வாட்டைப் பவர் சப்ளை கொடுக்கவேண்டும் என்றால், 90 சதவீதத் திறன் என்று வைத்தாலும் சுவரிலிருந்து 4040 இழுக்கும். 230 வோல்ட்டில் 17.6 ஆம்பியர். இரண்டு லைனும் இருக்கும்போது பக்கத்துக்கு 8.8 தான், 16 ஆம்பியர் சாக்கெட் சிரித்துக்கொண்டே தாங்கும். ஒரு லைன் போனதும் மொத்தமும் மறுபக்கம் விழும். 16 ஆம்பியர் எம்சிபி 17.6-க்கு உடனே விழாது. விதிப்படி 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் தாங்கவேண்டும். ஆனால் அந்த அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொன்னது. சித்திரை வெயிலில் ஏசி நின்றுபோன அறையின் டிபி பெட்டிக்குள் அது முன்னாலேயே விழும். விழாவிட்டால் சாக்கெட்டின் பின் கருகும். எலெக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் ‘ரேக்குக்கு ரெண்டு பாயின்ட்’ என்று மட்டும் சொன்னால் இரண்டு 16 ஆம்பியர் பாயின்ட் ஒரே எம்சிபியிலிருந்து வரும். ‘டிபியிலிருந்து தனித்தனி 32 ஆம்பியர் எம்சிபி, தனித்தனி 6 சதுர மில்லிமீட்டர் வயர், ரேக்கில் 32 ஆம்பியர் பிடியு (ரேக் பவர் ஸ்ட்ரிப்) இரண்டு’ என்று எழுதிக் கொடுங்கள்.

யுபிஎஸ்ஸும் அப்படியே. 5 கேவிஏ, பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 4000 வாட். 4040-க்குப் போதாது. 6 கேவிஏ எடுங்கள், இரண்டு யுபிஎஸ் என்றால் இரண்டுமே 6.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் பேட்டரியைத் தரைத்தளத்தில் வைக்கவேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டுமா? முடிந்தால் முதல் மாடி. முடியாவிட்டால் அந்தக் கட்டடத்தில் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலே ஸ்டாண்ட்.

எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைப் பாருங்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துத் தேரி மணலில் கோடையில் குழி காய்ந்துபோய் எர்த் என்பது பெயருக்குத்தான் இருக்கும்.

சோதனை

‘ஷோ ஸ்டாக்-பவர்’ போட்டால் ஸ்டாக் பெயர், மோட், டோபாலஜி, மொத்த வாட், ரிசர்வ், ஒதுக்கியது, மிச்சம், எத்தனை ஸ்விட்ச், எத்தனை பவர் சப்ளை என்று ஒரே வரியில் வரும். டோபாலஜியில் ரிங் என்று இருக்கவேண்டும். ஸ்விட்ச் 4, பவர் சப்ளை 8 இல்லையென்றால் மேலே போகாதீர்கள். ‘ஷோ ஸ்டாக்-பவர் டீடெய்ல்’ ஒவ்வொரு போர்ட்டிலும் பக்கத்து ஸ்விட்ச் யார் என்று காட்டும். கோணலாக உட்கார்ந்த முனை இங்கே மாட்டும்.

பிறகு இருட்டியபின், கேமரா விளக்குகள் எரியும்போது, பி லைன் எம்சிபியை இறக்குங்கள். பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். எந்தப் போர்ட் அணைந்தது, ஏ லைன் எம்சிபியும் சாக்கெட்டும் கை வைக்கும் சூடா என்று பாருங்கள். ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஏ லைனை இறக்குங்கள். ஒரு லைனை மட்டும் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போனால், தப்பு எப்போதும் மற்ற லைனில்தான் இருக்கும்.

கடைசியாக ‘ரைட் மெமரி’. ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஒரு லைனுக்கு இருப்பு 4015, ஒதுக்கியது 3636, மிச்சம் 379, தேதி. புதுக் கேமரா மாட்ட வருபவர் ஒவ்வொன்றுக்கும் 15.4 கழித்து எழுதவேண்டும். 24 கேமராவுக்கு இடம் உண்டு. 25-ஆவது வரும் நாளில் அந்த 715 இரண்டையும் மாற்றவேண்டும்.